மகளைப் பின்தொடர்ந்த பதினோரு காலைகள்

அந்த ஃபோனை முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. பேருக்குக்கூட அதில் ஓர் எழுத்து கிடையாது. திரை முழுக்க ஒரே ஒரு போட்டோ, அதற்குக் கீழே பெரிதாக ஒரு பச்சைப் பட்டன். "உங்க பொண்ணுக்காக மத்ததெல்லாம் எடுத்துட்டேம்மா" என்றாள் டீச்சர். எதை எடுத்தாய், எடுத்து எங்கே வைத்தாய் என்று கேட்க வாய் துறுதுறுத்தது. மகள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

மகளுக்கு இருபத்திரண்டு வயது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று சர்டிபிகேட்டில் எழுதியிருக்கிறார்கள். படிக்க வராது. ஒரே மூச்சில் இரண்டு வேலை சொன்னால் இரண்டையும் விட்டுவிட்டு நிற்பாள். திருவொற்றியூரில் நானும் அவளும் மட்டும்தான். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். முன்பு அவளுக்கு ஒரு சாதாரண ஃபோன் வாங்கிக் கொடுத்தேன். அதில் நிமிஷத்துக்கு ஒரு கட்டம் திறந்து ஏதோ கேட்கும். இவள் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்திவிட்டு, அப்புறம் பயந்துபோய் ஃபோனை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிடுவாள்.

அவள் போய்வந்த பயிற்சி மையத்து டீச்சர்தான் ராயபுரத்தில் ஒரு பேக்கரியில் ரஸ்க் பாக்கெட் போடும் வேலையைப் பிடித்துக் கொடுத்தாள். பேக்கரிக்காரர் என் மூஞ்சிக்கு நேராகவே சொன்னார்: "ஒரு மாசம் பாக்குறேன்மா. தனியா வரணும், டைமுக்கு வரணும். நீ வந்து வாசல்ல குந்திகினு இருந்தா சரிப்படாது, இப்பவே சொல்லிட்டேன்."

தனியாக வருவதற்குத்தான் அந்த ஃபோன். எங்கள் வீட்டுக் கதவு, மெட்ரோ தூண் பக்கத்து பஸ் ஸ்டாப், நெற்றியில் பிங்க் பூசிய பஸ், ராயபுரம் ஸ்டாப், பேக்கரி கேட் என்று வழியை ஐந்து போட்டோவாக டீச்சர் அதில் ஏற்றியிருந்தாள். போட்டோவில் இருப்பது கண்ணெதிரே வந்துவிட்டால் பச்சையை அழுத்த வேண்டும். அழுத்தினால்தான் அடுத்த போட்டோ வரும். எவ்வளவு நேரமானாலும் அது அவசரப்படுத்தாது. அவள் அழுத்த அழுத்த என் ஃபோனிலும் ஒவ்வொரு கட்டமாகப் பச்சையாகும்.

"வேற யாரு பாப்பாங்க?"

"நீங்களும் நானும் மட்டுந்தாம்மா."

எவன் கண்டான்! வயசுப் பெண் எத்தனை மணிக்கு எந்த ஸ்டாப்பில் தனியாக நிற்கிறாள் என்பது ஒரு ஃபோனுக்குள் இருக்கிறது. இந்த டீச்சர் எதற்கு நயா பைசா வாங்காமல் இவ்வளவு பாடுபடுகிறாள்? இரண்டு வாரம் அவளே கூடப் போய்ப் பழக்கினாள். அதுவும் எனக்கு உறுத்தியது.

ஆகவே மகள் தனியாகக் கிளம்பிய முதல் நாளே நானும் கிளம்பினேன். முக்காடு, முகத்துக்கு மாஸ்க், பையில் தைக்காத இரண்டு ஜாக்கெட் துணி, யாராவது கேட்டால் சொல்ல ஒரு சாக்கு. ஸ்டாப்புக்கு எதிரே தார்ப்பாய் மூடிய கரும்புச் சாறு வண்டி நிற்கும். அதன் பின்னால் பதுங்கி நின்று, பஸ் வந்ததும் ஓடிப்போய்ப் பின்படியில் ஏறிக்கொள்வேன். கன்டெய்னர் வண்டிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டில் அந்தப் பஸ் ஊர்ந்துபோய்ச் சேருவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். பேக்கரி கேட்டுக்குள் அவள் நுழைந்த பிறகுதான் திரும்புவேன்.

கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். கண்டக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தால் சந்தேகம், சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். ஒருநாள் பின்சீட்டு ஆள் ஒருவன் எட்டி அவள் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வந்தான். பாய்ந்துபோய்ச் சட்டையைப் பிடித்துவிட்டேன். "இன்னாக்கா, எங்கம்மாவுக்கும் இந்த மாரி ஒண்ணு வாங்கலாமேன்னு பாத்துகினு இருந்தேன், அது ஒரு தப்பா?" என்று அலறினான். அப்படியும் நம்பவில்லை. இத்தனை கூத்துக்கும் மகள் திரும்பவே இல்லை, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இப்படிப் பதினோரு காலைகள் போயின.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் அடித்துப் போட்டுவிட்டது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. அவள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பத்து மணிக்கு டீச்சர் கூப்பிட்டாள். "அம்மா, அவ இன்னும் வேலைக்கு வரலையாம். ஸ்டாப்புக்கு அப்புறம் எதுவுமே பச்சையாகல."

"உன் ஃபோன நம்பித்தானடி அனுப்சேன்! எம் பொண்ண எங்கடி?" என்று கத்திக்கொண்டே ஓடினேன். தெருவே பார்த்தது. அந்தப் பின்சீட்டுக்காரன், கண்டக்டர், டீச்சர் என்று ஒவ்வொருவரையும் மனசுக்குள் போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டே ஓடினேன்.

மகள் ஸ்டாப்பிலேயேதான் நின்றிருந்தாள். தூணுக்குப் பக்கத்தில், வெயிலில், ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு மணி நேரமாக. எத்தனை பிங்க் பஸ் போயிருக்கும்! என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஃபோனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பச்சையை அழுத்தினாள்.

பிடுங்கிப் பார்த்தேன். ஸ்டாப்புக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இன்னொரு போட்டோ இருந்தது. கரும்பு வண்டி, அதன் ஓரத்தில் என் முக்காடு, மாஸ்க், பாதி உடம்பு.

"இன்னாடி இது?"

"நீதான். ரெண்டாவது நாளு நானே எடுத்தேன். போட்டோ எடுத்து இதுல போடுறதுக்கு டீச்சர் சொல்லிக் குடுத்துக்கீது."

"பஸ் வந்தா ஏற வேண்டியதுதானே?"

"நீ வரலையே. நீ வந்து ஒளிஞ்சிகினாதான் பச்ச. நான் உன்ன பாக்காத மாரி இருப்பேன். அப்பால பஸ்ஸு." சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சரியாகச் செய்தேனா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நடுரோட்டில் எனக்கு அப்படி ஓர் அவமானம் வந்தது. பதினோரு நாளாக ஊரையே சந்தேகப்பட்டேன். அவளை அந்த இடத்தில் நிறுத்தி வைத்தது நான்தான்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நானும் அந்தப் படத்தப் பாத்தேம்மா. வண்டியத்தான் அடையாளமா எடுத்திருக்கான்னு நெனச்சிட்டேன்" என்றாள். பேக்கரிக்காரர் இன்னொரு தடவை இப்படியானால் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அந்தப் போட்டோவை அழித்துவிடு என்று டீச்சரிடம் சொன்னேன். "அது அவளோட வழி. அவதான் அழிக்கணும். நீங்களே அவகிட்ட கேளுங்க."

அன்று சாயங்காலம் கேட்டேன். "அப்போ நீ எங்க இருப்ப?" என்றாள். வீட்டில் என்றேன். யோசித்தாள். பிறகு என் படத்தின் மேல் விரலை வைத்து, அதை அழித்துவிட்டாள்.

மறுநாள் அவள் போனதும் முதன்முறையாக என் ஃபோனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதவு பச்சை. ஸ்டாப்பு பச்சை. பஸ் பச்சையாகவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். கரும்பு வண்டிப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாளோ? செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டேன். இப்போது நான் போய் நின்றால் நாளைக்கும் நான் நிற்க வேண்டும், அதற்கடுத்த நாளும் நிற்க வேண்டும், நான் செத்த பிறகு அவள் அந்தத் தூணடியிலேயே நிற்பாள். கதவு நிலையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பஸ் பச்சையானது.

செருப்போடு வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷமா என்று கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். நான் இல்லாமலே என் பெண் பஸ் ஏறிவிட்டாள்.