டை கட்டாத படம்

மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் சேர்ந்து வாழும் ஜார்ஜ் டவுனில் ஒரு ரொட்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தியர் என்றாலே வாடகைக்கு வீடு தர மறுக்கிறவர்களின் மனதை மாற்ற, ஆளுக்கேற்றபடி சுவரொட்டிகள் வரைந்து கொண்டுவந்திருக்கிறேன். சீன வீட்டு உரிமையாளர்களுக்கான படத்தில், கோட்டும் டையும் போட்ட தமிழர் ஒருவர் சிரிக்கிறார்.

தேநீர் வைக்க வந்த கடைக்கார அண்ணன் குனிந்து பார்க்கிறார்.

"டை கட்டினாதான் வீடு கொடுப்பாங்களா, தங்கச்சி? கைலி கட்டுற நாங்க எங்க போறதுலா?"

எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"அப்படின்னா உங்களையே படம் எடுக்கட்டுமா, அண்ணே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து மேசையில் சாப்பிடும் வயதான சீன அம்மாவை மலாயில் கூப்பிடுகிறார்.

"எனக்கு வீடு கொடுத்தவங்க இவங்கதான். சேர்த்து எடுங்க."

அந்த அம்மா எழுந்து வருகிறார். அண்ணனுடைய தோளில் ஒட்டியிருக்கும் மாவைத் தட்டிவிட்டு, பக்கத்தில் நின்றுகொள்கிறார்.