பியானோத் தட்டும் அப்பாவின் நான்கு விரல்களும்

அப்பாவின் முதலாண்டு நினைவாக வரும் இந்த மலருக்கு என்ன எழுதுவது என்று நான் கேட்டபோது, அச்சகத்துக்காரர் ஏற்கெனவே அச்சடித்த மலர்கள் சிலவற்றைக் காட்டி, "பேரை மாத்திப் போட்டாப் போதும்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கல்லூரிக்கும் போனேன். என்னைப் படிக்க வைத்தவரைப் பற்றி என் கையாலேயே எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆனால் அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். எனவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். சிறுவயதிலேயே தாயை இழந்தார். மீசை முளைக்கும் முன் திருவனந்தபுரம் வந்து சாலை என்னும் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். மண்டிக்கு எதிரே ஒரு மைக் செட் கடை இருந்தது. வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்பார். நின்று நின்றே ஆம்பிளிபயர் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு, பிறகு அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். நான் பால்குடி மறந்த வயதில் சொந்தமாக ஒரு செட் வாங்கினார். அன்று முதல் சாலையிலும் கரமனையிலும் நடந்த கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் அப்பாவின் கோளாம்பிதான் முழங்கியது. குழாய் ஸ்பீக்கரை இங்கே அப்படித்தான் சொல்வோம்.

ராக்கெட் விடும் வேலைக்காகத் தும்பாவுக்கு வந்திருந்த வெளிநாட்டு எஞ்சினியர் ஒருவர், நகரத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய ரிக்கார்டு பிளேயரைச் சரிசெய்யப் போனவர் அப்பா. அந்த எஞ்சினியர் ஊர் திரும்பும்போது சில இசைத்தட்டுகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஒரே பியானோக்காரர் மூன்று நான்கு பேரை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்த ஜாஸ் இசை. அதில் ஒரு தட்டை அப்பா செட்டைச் சோதித்துப் பார்க்க வைத்துக்கொண்டார். மற்றவற்றைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

"எதுக்குப்பா இங்கிலீஸ் தட்டு? சினிமாப் பாட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சினிமாப் பாட்டுல ஒரு பட்டாளமே வாசிக்கும். ஒருத்தன் வரலைன்னாலும் தெரியாது. இதுல நாலே பேரு. ஒருத்தன் முழிச்சாலும் மாட்டிக்கிடுவான்" என்றார்.

அந்த நால்வருக்கும் அப்பா வைத்திருந்த பெயர்கள் உறவினர் பலருக்கும் தெரிந்திருக்கும். பியானோக்காரர், கிளாரினெட்காரர், வெளக்குமாத்துக்காரர், பெரிய பிடில்காரர். டிரம்மைக் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றால் தடவுகிறவர் அட்டைப் படத்தில் இருந்தார். அதனால் அவர் வெளக்குமாத்துக்காரர். ஆள் உயரப் பிடிலை நிற்க வைத்து விரலால் மீட்டுகிறவர் பெரிய பிடில்காரர்.

சோதனை நடக்கும் விதம் இதுதான். அப்பா ஆம்பிளிபயர் பக்கத்தில் நிற்பார். அவருடைய கூட்டாளி சுகுமாரன் சேட்டன் கடைசிக் கோளாம்பியின் அடியில் போய் நிற்பார். எத்தனை பேர் வாசிப்பது கேட்கிறதோ அத்தனை விரல் காட்ட வேண்டும். மூன்று விரல் தெரிந்தால் செட் நன்றாக இருக்கிறது என்று பொருள். பெரிய பிடிலின் அடிக்குரல் கோளாம்பி வழியாக வராது. அது அப்பாவின் பக்கத்தில் இருந்த பெட்டி ஸ்பீக்கரில் மட்டும் கேட்கும். மூன்று விரலைப் பார்த்ததும் அப்பா ஊசியை எடுத்துவிடுவார். பாட்டில் பாதிகூட ஓடியிருக்காது.

சாலையில் அந்த அரைப் பாட்டைக் கேட்காமல் யாருக்கும் கல்யாணம் நடந்ததில்லை. பியானோ கேட்டால் பந்தலுக்குக் கிளம்ப வேண்டும் என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் கரண்டு போய் வந்த அவசரத்தில் அப்பா தட்டைப் போடவில்லை. "அந்த டொய்ங் டொய்ங் போடாம மாப்பிள்ளைய உள்ள விட மாட்டேன்" என்று பெண்ணின் தாத்தா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

நான் ஆங்கிலம் படித்ததும், அட்டையின் பின்பக்கத்தில் இருந்ததை வாசித்துச் சொல்லும்படி அப்பா கேட்டார். நான் வாசித்து, தெரிந்த அளவுக்குத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்த நாலு பேரும் தங்களுக்குள்ள ஒத்துமையா இருந்தாங்களான்னு போட்டிருக்கா?" என்றார்.

"அப்படி ஒண்ணும் இல்லப்பா."

"பெறகு என்னத்தத்தான் எழுதிருக்கான்?"

இனி எனக்குப் பிடிபடாத விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி இரண்டு வருடங்களில் அப்பா ஊசியை எடுக்கவில்லை. சுகுமாரன் சேட்டன் மூன்று விரல் காட்டிக் கை வலித்து நிற்பார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தட்டை ஓடவிடுவார். அவர் வழக்கமாக ஊசியை எடுக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், மற்ற மூவரும் ஒதுங்கிக்கொள்ள, பெரிய பிடில்காரர் தனியாக வாசிக்கிறார். கோளாம்பியில் அது சத்தமே இல்லாதது போலத்தான் இருக்கும். கரமனையில் நடந்த ஒரு கல்யாணத்தில், செட் அவிந்துவிட்டது என்று எண்ணி நாகசுரக்காரர் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பியானோ மறுபடியும் முழங்கியது. பெண்ணின் தகப்பனார் ஓடி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, டெஸ்ட்டா கச்சேரியா?"

அப்பா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுகுமாரன் சேட்டனைப் பார்த்துத்தான் கேட்டார். "நாலு இல்லையாடே?"

"எந்தா அண்ணாச்சி இது? கோளாம்பில நாலாமன் எப்பழாவது வந்துட்டுண்டோ?"

அன்று வீட்டில் பெரிய விவாதம். மாமா சிரித்தார். "அத்தானுக்கு வயசான காலத்துல ரசனை வந்துட்டு. இத்தன வருசம் தொழிலுக்குப் போட்ட தட்டு, இப்பம்தான் பாட்டாக் கேக்குது."

அம்மா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ரசனையாம் ரசனை. அவுகளுக்குக் காது போயிட்டு. கிட்ட இருக்க பெட்டியிலயே நாலாவது ஆளு கேக்கல. செட்டுதான் கோளாறுன்னு நெனைச்சிக்கிட்டு காத்துக் கெடக்காக."

மைக் செட்காரருக்குக் காது போனால் தொழில் போயிற்று. அதை அப்பா ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அம்மா சொன்னது சரி என்றும் எனக்குத் தோன்றவில்லை. அடுத்த அறையில் குழாய் சொட்டினால் எழுந்து போய் மூடுவார். அதே அப்பாவைப் பின்னால் நின்று கூப்பிட்டால் சில நாள் திரும்புவார், சில நாள் திரும்ப மாட்டார். ஆம்பிளிபயரைப் பிரித்து ஒயர்களை மாற்றுவார். மறுநாள் அதே தட்டைப் போட்டுவிட்டுப் புன்சிரிப்போடு தலையைச் சாய்ப்பார். ஒன்றைப் பார்த்தால் அம்மா சொன்னது நிஜம். இன்னொன்றைப் பார்த்தால் மாமா சொன்னது நிஜம்.

ஒருநாள் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனபோது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. நேராகவே கேட்டுவிட்டேன்.

"அப்பா, உங்களுக்கு இப்ப எத்தன பேரு கேக்காங்க?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னையே டெஸ்ட் பண்ணுதியா? படிச்ச பிள்ள இல்லா!" என்று சிரித்தார். "சோத்த வச்சிட்டுக் கிளம்பு. காலேஜுக்கு நேரமாச்சு."

நான் சொன்னதைக் கேட்டுத்தான் பதில் சொன்னாரா, என் வாயசைவைப் பார்த்துச் சொன்னாரா என்று பஸ்ஸில் போகும் வழியெல்லாம் யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

சென்ற ஆண்டு மூச்சுத் திணறலால் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடைசி நாளுக்கு முந்தின நாள் பிற்பகல், சுகுமாரன் சேட்டன் பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குச் செட் கட்டிவிட்டு நேராக அங்கே வந்தார். அப்பா இல்லாமல் அவர் தனியாகச் சோதித்துப் பார்த்த முதல் கல்யாணம் அது. பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டதால் வார்டுக்குள் விடவில்லை. வாசலிலேயே நின்று கையை உயர்த்தி மூன்று விரல் காட்டினார். செட் நன்றாக இருக்கிறது என்று அதற்குப் பொருள். அப்பா படுத்தபடியே அவரைப் பார்த்தார். கையைத் தூக்கினார். நான்கு விரல் காட்டினார்.

மறுநாள் விடிந்த சற்று நேரத்தில் அப்பா எங்களை விட்டுப் பிரிந்தார்.

"தூக்க நாலு பேரச் சொல்லிவிடச் சொல்லிருக்காரு அத்தான்" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அம்மா, "மூணு சரிதானான்னு கேட்டிருப்பாக. வெரலு நடுங்கிருக்கும்" என்றார். சுகுமாரன் சேட்டன் இரண்டையும் ஏற்கவில்லை. "இல்ல சேச்சி. அண்ணாச்சிக்கு நாலு பேரும் கேட்டாச்சு. எனக்கு அறியாம், எனக்குத் தெரியும்" என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆங்கிலத் தட்டு என்பதால் ஆங்கிலம் படித்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்களோ என்னவோ.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்தத் தட்டை முழுவதுமாகக் கேட்டேன். பலமுறை கேட்டேன். பெரிய பிடில்காரர் தனியாக வாசிக்கும் இடத்தில் மற்ற மூவரும் அவருக்காகக் காத்திருப்பது தெரிகிறது. அப்பா அவரைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் ஓடவிட்டாரா, அல்லது கேட்கவில்லையே என்றுதான் ஓடவிட்டாரா? கேட்கக் கேட்க எனக்குக் குழப்பம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்திருக்கலாம் என்றும் சில சமயம் படுகிறது.

அப்பா யாரையும் கடிந்து பேசியதில்லை. கட்சி பார்த்துச் செட் கட்டியதில்லை. சாவு வீட்டில் கட்டிய செட்டுக்கு வாடகை வாங்கியதில்லை. கையெழுத்துப் போட என்னிடம்தான் கற்றுக்கொண்டார். என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது அவர்தான்.

நோயில் கிடந்தபோது மாறி மாறித் துணையிருந்த மாமாவுக்கும், வார்டில் கனிவோடு கவனித்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கடையடைத்து வந்து நின்ற சாலை வியாபாரிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கரமனைக் கல்யாணத்தில் அப்பாவால் இரண்டுமுறை தொடங்க வேண்டியிருந்த நாகசுரக்காரர், அப்பாவின் இறுதி ஊர்வலத்தில் யாரும் அழைக்காமலே வந்து வாசித்தார். அவரை மறக்க மாட்டோம். செட்டை இப்போது நடத்தி வரும் சுகுமாரன் சேட்டனுக்கு நன்றி என்று எழுதினால் அவர் கோபித்துக்கொள்வார். ஆகையால் எழுதவில்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும் இன்று, சாப்பாட்டுக்குப் பிறகு அந்தத் தட்டு முழுவதும் ஓடும். பழக்கத்தில் கல்யாணம் என்று யாரும் எழுந்துவிட வேண்டாம். நடுவில் சத்தம் நின்றாற்போல இருக்கும். செட் அவிந்துவிடவில்லை, பெரிய பிடில்காரர் வாசிக்கிறார். ஆம்பிளிபயர் பக்கத்தில் அப்பா நிற்கும் இடத்தில் நான் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உங்களுக்கு எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று விரலைக் காட்டுங்கள். வாசலில் கோளாம்பிக்கு அடியில் இருப்பவர்கள் மூன்று காட்டினால் போதும்.

அன்புடன்,
மகள்