மூன்றாம் அறையில் நிற்பவர்

எம்.ஏ. வரலாறு கடைசி வருடத்தில் கோயம்புத்தூரில் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் இன்டர்னாகச் சேர்ந்தேன். அடிமை முறையின் வரலாற்றைப் பற்றி அங்கே ஒரு கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. முதல் அறையில் அட்லாண்டிக் கடலைக் கடந்த அடிமைக் கப்பல்கள். இரண்டாம் அறையில் ஆனைமலைக்கு ஏற்றிச் செல்லப்பட்ட தேயிலைத் தோட்டக் கூலிகள். மூன்றாம் அறையில் எங்கள் பக்கத்துப் பண்ணையாட்கள். கப்பல் அறையில் வேலை செய்ய எல்லோரும் முந்திக்கொண்டார்கள். மூன்றாவது என் தலையில் விழுந்தது.

சேர்ந்த அன்றே பொறுப்பாளர் மேடம் ஊரைக் கேட்டார். கோபி என்றேன். தோட்டமா, டவுனா என்றார். எங்கள் பக்கம் இந்தக் கேள்விக்குள்ளே, நீங்க என்ன ஆளுங்க என்ற இன்னொரு கேள்வி உட்கார்ந்திருக்கும். அது புரியாத அளவுக்கு நான் பச்சைக் குழந்தை இல்லை. டவுன்தானுங்க என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அப்பா டவுனில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் செக்யூரிட்டி. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் அவரை ஒரு பண்ணாடியின், அதாவது நிலக்காரரின், தோட்டத்தில் பண்ணையாளாக விட்டிருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மதியம் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவரவர் தாத்தா காலத்துப் பண்ணையாட்களைப் பற்றிப் பாசமாகப் பேச்சு நடக்கும். வீட்டில் ஒருத்தராகத்தான் வைத்திருந்தோம் என்பார்கள். அந்த ஒருத்தர் எங்கே படுத்தார், எதில் சாப்பிட்டார் என்று கேட்க நாக்கு துடிக்கும். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பேன். அத்தனை பேர் நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் ஹாஸ்டல் அறையில்கூட அனுபவித்ததில்லை.

மூன்றாம் அறைக்கு ஆளுயரச் சிலை ஒன்று வேண்டும் என்றார்கள். பண்ணாடி முன்னால் பண்ணையாள் நிற்கிற மாதிரி. சிற்பி களிமண்ணில் முதலில் செய்துவைத்த ஆள் மார்பில் கைகட்டி, பரிசு வாங்கப்போகும் பயில்வான் மாதிரி நின்றார். இப்படி நிற்க மாட்டார்கள் என்று வாயை விட்டுவிட்டேன். அப்போ எப்படி, நின்று காட்டு என்றார் மேடம்.

எனக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும்போது ஒரு தீபாவளி சமயம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அந்தப் பழைய பண்ணாடி கடைக்கு வந்து இறங்கினார். யூனிஃபார்மில் நிமிர்ந்து நின்ற அப்பாவின் முதுகு தானாக வளைந்தது. கை தோளுக்குப் போய், அங்கே இல்லாத துண்டைத் தேடியது. துண்டு கிடைக்காத கை கக்கத்தில் போய் ஒடுங்கியது.

அதேபோல நின்று காட்டினேன். "அப்படியே நில்லுங்க அம்மணி, அசையாதீங்க" என்று சிற்பி டேப் வைத்து அளந்தார், சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தார். டீ வரும்வரை நின்றேன். தத்ரூபம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். இதை எங்கே பிடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் தெரியாது. அன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். சிலையைப் பார்த்தால் தன்னைக் கண்டுகொள்வாரே என்று பயந்தேன். ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். திறப்பு விழா முடிந்து, கூட்டம் ஓய்ந்த ஒரு வாரநாளில் அவரே லீவு போட்டுவிட்டு கோபி பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார்.

கப்பல் அறையில் நின்று நிதானமாகப் பார்த்தார். மூன்றாம் அறையில் சிலையை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கேட்டார்.

"ஆரைப் பாத்துச் செஞ்சாங்க, கண்ணு?"

"நாந்தானுங்கப்பா நின்னு காட்டினேன்."

கால் வலித்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். சிலையின் கக்கத்தில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்குக் கண்ணு அப்படி நின்னே? நீ நிக்கக் கூடாதுன்னுதானே நான் அந்தக் கடை வாசல்ல நின்னுட்டிருக்கறேன்."

வரலாறு, நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா என்றெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. காந்திபுரத்தில் அவரைக் கோபி பஸ் ஏற்றிவிட்டேன்.

நான் விடைபெற்ற நாளில் சிலைக்குப் பக்கத்தில் குரூப் போட்டோ எடுத்தார்கள். "அன்னிக்கு நின்ன மாதிரி ஒருக்கா நில்லு" என்று மேடம் சிரித்தபடி சொன்னார். முடியாதுங்க என்றேன். சிரிப்புச் சட்டென்று நின்றது. எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் நடுவே கொஞ்சம் இடம் விழுந்தது. அப்படியே எடுத்தார்கள்.

ஹாஸ்டலுக்கு வந்து அந்தப் போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். அறையில் வேறு யாரும் இல்லை. கடை அடைத்த பிறகு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதில் பஸ் சத்தம்தான் அதிகம். கடைசியில் மட்டும் அப்பா பேசினார்.

"நல்லா நிக்கறே, கண்ணு."