முக்கால் நொடி வெளிச்சம்

விண்வெளி ஆய்வு அலுவலகத்தில் அவளுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். உண்மையில் நிதானமானவள். வேலையில் சேர்ந்த ஆறாம் மாதம், செயற்கைக்கோளில் மோதிய வெறும் மின்துகள்களைத் தொலைதூர விண்வெளியிலிருந்து வந்த காமா கதிர் வெடிப்பு என்று நம்பி உலகத்துக்கே அறிவித்துவிட்டாள். நான்கு நாடுகளின் தொலைநோக்கிகள் வெற்று வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பின. அன்று ஒட்டிய பெயர் ஒன்பது ஆண்டுகளாகியும் உதிரவில்லை.

காமா கதிர்கள் காற்றைத் தாண்டித் தரைக்கு வருவதில்லை. அவற்றைப் பிடிக்கத்தான் அந்தச் செயற்கைக்கோள். அதன் உடம்பில் பன்னிரண்டு திசை பார்த்துப் பன்னிரண்டு படிகங்கள். கதிர் பட்டால் மின்னும். அந்த ஒளித்துடிப்புகளின் எண்ணிக்கை எகிறினால் கணினி சலித்துப் பார்த்து, தேறியதை அவள் போனுக்கு அனுப்பும். தள்ளியவற்றுக்குத் தனிப் பட்டியல் உண்டு. அதை யாரும் திறப்பதில்லை. அவள் மட்டும் திறப்பாள்.

ஒரு முற்பகல், வீட்டுச் சமையலறை மேஜையில் மடிக்கணினியோடு முறைவேலையில் இருந்தாள். எதிரே அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"முக்கா செகண்டு வெளிச்சம்க்கா. கம்ப்யூட்டர் குப்பைன்னு தள்ளிடுச்சு. எனக்கு அப்படித் தோணல."

"முக்கா செகண்டா? நான் தும்முனாலே அதுக்கு மேல ஆகும்."

அவள் சிரிக்கவில்லை. அந்நேரம் செயற்கைக்கோள், பூமியைச் சுற்றும் தன் பாதையில் மின்துகள்கள் மண்டிய ஒரு பகுதியின் ஓரத்தில் இருந்தது. அங்கே வரும் எதையும் கணினி நம்பாது. ஆனால் துகள்கள் என்றால் பன்னிரண்டு படிகங்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல எகிற வேண்டும். இங்கே ஒரு பக்கத்து மூன்று மட்டுமே எகிறியிருந்தன. சூரியனோ பூமிக்குப் பின்னால் மறைந்திருந்தது, ஆகவே சூரிய வெடிப்பும் இல்லை. குழுத்தலைவரைப் போனில் அழைத்தாள்.

"அந்த இடத்துல வர்றது எல்லாமே குப்பைதாம்மா. மறுபடியும் ஊரைக் கூட்டாதீங்க."

"எதிர்ப்பக்கப் படிகம் எல்லாம் அமைதியா இருக்கு சார். தப்பா இருந்தா என் தலையிலேயே விடியட்டும்."

"உங்க இஷ்டம்."

அறிவிப்பை அனுப்பினாள். இரண்டு மணி நேரம் பதிலே இல்லை. அக்கா போட்டு வைத்த டீ ஆடை கட்டியது.

பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. நிலவுக்கும் அப்பால் போய்க்கொண்டிருந்த வேறொரு விண்கலம் அதே முக்கால் நொடியை, அதே ஏற்ற இறக்கத்தோடு, இரண்டரை நொடி தாமதமாகப் பதிந்திருந்தது. துகள்கள் அப்படி இரண்டு கலங்களில் ஒரே வடிவத்தில் மோதுவதில்லை. அந்தத் தாமதத்தைக் கொண்டு வானத்தில் தேட வேண்டிய இடம் ஒரு மெல்லிய பட்டையாகச் சுருங்கியது. மறுநாள் ஒரு மலைத் தொலைநோக்கி, பழைய விண்மீன் மண்டலம் ஒன்றின் ஓரத்தில் புதிய புள்ளியைக் கண்டது. அது சிவந்து, சில நாட்களில் அணைந்தது. இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி ஒன்றான அடையாளம்.

குழுத்தலைவர் அழைத்தார். "என் பேச்சைக் கேட்டிருந்தா கைவிட்டுப் போயிருக்கும்மா."

"சரிங்க சார்" என்றாள்.

ஆய்வுக்கட்டுரையில் இருநூறு பெயர்கள். அவளுடையது நூற்று முப்பத்தொன்றாவது. அக்காவுக்கு விரல் வைத்துக் காட்டினாள்.

"இவ்வளவு பொடி எழுத்துலயா போடுவாங்க?" என்று அக்கா கண்ணாடியைத் தேடினாள்.

கணினியின் விதியை மாற்றும் பொறுப்பும் அவளிடமே வந்தது. அந்தப் பகுதியின் ஓரத்தில் வருவதை இனி ஒரு மனிதரும் பார்த்தாக வேண்டும் என்று எழுதினாள். முறைவேலையில் பார்க்க வேண்டியவை ஒன்றரை மடங்காயின. குறைப்பட்டுக்கொள்ள ஆளில்லை, விதியை எழுதியவளே அவள்தான்.