‘மேட்ச்’ சொல்லுக்காக வந்தவர்

1997 பிப்ரவரி 18, செவ்வாய். வழக்கம்போல் சரோஜினி நகரில் 8.10 பஸ்ஸைப் பிடித்து அலுவலகத்தின் தபால் பிரிவுக்குப் போனேன். மாலை நாலரைக்குள் முப்பத்தொரு தபால்களைப் பதிவேட்டில் ஏற்றி, உறைகளை ஒட்டி முடித்தேன்.

அப்போது அகராதிப் பிரிவின் மொழிபெயர்ப்பாளர் வந்தார். தலையில் குரங்குக் குல்லாய். சட்டைப் பையில் ரப்பர் பேண்டு போட்ட துண்டுச் சீட்டுகள். சொல்லுக்கு ஒரு சீட்டு எழுதுவது அவர் பழக்கம்.

“சார், அச்சகத்துக்குப் போற கவரைப் பிரிக்கணும். ‘மேட்ச்’ல தப்பு பண்ணிட்டேன். ஜோடி, போட்டிங்கற அர்த்தத்துல வர்ற மேட்ச், துணைங்கற பழைய இங்கிலீஷ் சொல்லுலேருந்து வந்தது. தீக்குச்சி மேட்ச் வேற. அது விளக்குத்திரிங்கற பிரெஞ்சுச் சொல்லு. ரெண்டுக்கும் ஒரே மூலம்னு எழுதிட்டேன். புஸ்தகமாயிட்டா மாத்த முடியாது.”

“நம்பர் போட்டாச்சே சார். இருபது வருஷமா, பதிஞ்ச கவரை நான் பிரிச்சதில்லை. இதையெல்லாம் யார் பார்க்கப்போறா?”

“உங்க ரிஜிஸ்டர்ல ஒரு நம்பர் விட்டுப்போனா யார் பார்க்கப்போறா? நீங்க சும்மா இருப்பீங்களா?”

கோபமில்லாமல்தான் கேட்டார். நான் பதிவேட்டை மூடி வைத்தேன். சற்று நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரை நான் அன்றும் கேட்கவில்லை.

தபால் பை காலை ஒன்பதரைக்குக் கிளம்பும். மறுநாள் ஒன்பதுக்கே போய், முதல் வேலையாக அந்த உறையைப் பிரித்தேன். பதிவேட்டில் அதன் எண்ணுக்கு எதிரே, ‘திருத்தத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.