மாத்தாள் மயிலாள்

பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் 'மாத்து' என்ற சொல் ஓயவே ஓயாது. நூல் தீர்ந்தால் கோன் மாத்து, ஊசி ஒடிந்தால் ஊசி மாத்து, ஆள் வராவிட்டால் ஆள் மாத்து. மயிலாள் அந்தக் கடைசி வகை. யாருக்காவது காய்ச்சல் என்றாலோ, யார் வீட்டிலாவது சீர் என்றாலோ, அவர்கள் மிஷினில் இவள் போய் உட்காருவாள். தனக்கென்று ஒரு மிஷின் இல்லையே என்ற ஏக்கம் உண்டு, வாய்விட்டுச் சொன்னதில்லை.

2006 கோடையில் சித்ரகலா பிரசவத்துக்குப் போனாள். "நான் வர்ற வரைக்கும் எடத்தக் காப்பாத்திக் குடுங்க்கா" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டாள். மாத்தாள் தப்புச் செய்தால் அனுப்பியவளின் இடமும் போய்விடும். அது அங்கே எழுதாத சட்டம்.

வெளிநாட்டுக்குச் சரக்கேற்றக் கண்டெய்னர் லாரி வாசலில் வந்து நின்ற அன்றைக்கா சித்ரகலா மிஷினின் ஊசி ஒடிய வேண்டும்! ஒடிந்த துண்டுகள் அத்தனையையும் காகிதத்தில் ஒட்டிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். மற்றதெல்லாம் கிடைத்தது, முனையை மட்டும் காணோம். மயிலாள் மிஷினுக்கடியில் தவழ்ந்து தேடினாள்.

பக்கத்து மிஷின் சாயிரா பானு குனிந்து, "அக்கா, எங்கிட்டப் பழைய முனை ஒண்ணு கெடக்குது. ஒட்டிக் குடுத்துப்போட்டு வாங்க, ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். நல்ல மனசுதான், யோசனைதான் பாழாய்ப்போன யோசனை. மயிலாளும் ஒட்டிக் கொடுத்தாள். புது ஊசி வந்துவிட்டது.

மாட்டி உட்கார்ந்தவளுக்குக் கால் பெடலில் அழுந்தவில்லை. மடியில் கிடந்தது கைக்குழந்தைச் சட்டை. எந்த ஊர்ப் பிள்ளையோ, காணாமல்போன முனை கழுத்தில் குத்தினால் அதற்கு அழத்தானே தெரியும், சொல்லத் தெரியுமா? எழுந்து போய்ச் சூப்பர்வைசர் திருமூர்த்தியிடம் சொல்லிவிட்டாள். சாயிராவின் பேரை எடுக்கவில்லை.

"கண்டெய்னர் நிக்கிற நேரத்துல வந்து சொல்றீங்களே, அறிவிருக்குதுங்களா உங்களுக்கு?" கோபத்திலும் அந்த மனிதருக்கு 'ங்க' போகவில்லை. லைன் நின்றது. சட்டைகளை உதறி, காந்தத்தை ஓட்டினார்கள். மயிலாள் முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கடைசியில் ஒரு குட்டிச் சட்டையின் கழுத்துத் தையலுக்குள் முனை அகப்பட்டது.

"சித்ரகலாவ இனி வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க" என்றார் திருமூர்த்தி.

"ஐயோ, அந்தப் புள்ள என்னங்க பண்ணுச்சு? ஒட்டிக் குடுத்தது நானுங்க. என்னைய மாத்துங்க சாமி, அவ எடத்த மாத்தாதீங்க!"

அவர் லைனை ஓட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் சித்ரகலாவின் மிஷினில் வேறொரு மாத்தாள் உட்கார்ந்திருந்தாள். மயிலாளை வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே விடவில்லை.

மழைக்காலத்தில் சித்ரகலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மயிலாள் வீட்டுக்கு வந்தாள். "எடம் அப்படியே இருக்குதுங்க்கா" என்றாள். மயிலாள் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அதன் சட்டைக் கழுத்தை ஒரு சுற்று விரலால் தடவிப் பார்த்தாள்.