ஃபேமிலி ரூமில் பரிமாறிய செல்வராசு

செல்வராசு இறந்துவிட்டார். அவர் வேலை பார்த்த ஓட்டல் முதலாளியின் பேத்தி காலையில் மெசேஜ் அனுப்பியிருந்தாள். "தூக்கத்துலயே போயிட்டாராம், ஆன்ட்டி."

தூக்கத்தில்... அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன்.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது. எழுபதுகளில் அருப்புக்கோட்டையில் ஒரு ஓட்டலில் சப்ளையராக இருந்தார்.

அப்போது அந்தத் தெருதான் டவுனிலேயே ஸ்டைலான தெரு. புதிய ஜவுளிக்கடைகள், ஸ்டூடியோ, நடுவில் இந்த ஓட்டல். மார்பிள் மேஜை, ஃபேன், ரேடியோ. ஆனால் விலை எங்களைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியாகும்.

நான் திருச்சுழிப் பக்கம். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி முடித்தவள். டவுனில் ஒரு ஆபீஸில் கிளார்க் வேலை. காலையில் கட்டிக்கொண்டு போகும் சோறு வெயிலில் மதியத்துக்குள் ஊசிப்போகும்.

அதனால் ஓட்டல் சாப்பாடு. ஹாலில் எல்லாம் ஆண்கள். பாதிக் கதவு போட்ட ஃபேமிலி ரூம் ஒன்று உண்டு, ஆனால் தனியாக வரும் பெண்ணுக்கு அதைத் தரமாட்டார்கள். செல்வராசு எனக்குத் தந்தார்.

நான் அவரிடம் பேசியதே இல்லை. போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டுவேன். அவருக்குப் புரியும்.

ஒருநாள் நூல் தரகர் ஒருவர் கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "யாருப்பா இது, ஒத்தையில உக்காந்து சாப்பிடுது? சினிமாக்காரியா?"

"எங்க அக்கா மக, அண்ணே. வேலைக்கு வந்துட்டுப் போகுது. நீங்க ஒங்க இலையப் பாருங்க."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் எங்கள் பக்கம் அக்கா மகள் என்றால் கட்டிக்கொள்ளும் முறை... அவர் கல்யாணம் ஆகாதவர் வேறு.

மறுவாரம் திருச்சுழி பஸ்ஸில் பக்கத்து ஊர் அம்மா ஒருத்தி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள். "ஏத்தா, ஓட்டல்காரருக்கு ஒன்னையப் பேசி முடிச்சிட்டாகளாமே? வீட்டுல சொல்லவே இல்ல?"

முன் சீட்டில் என் கூடப்பிறந்த அண்ணன் இருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் யாரும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சித்தப்பா மட்டும் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். "மத்தியானம் எங்கத்தா சாப்பிடுற? யாரு பரிமாறுறது?"

அடுத்த நாள் மதியம் சித்தப்பாவும் அண்ணனும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். சித்தப்பா கையில் மஞ்சப்பை. "வா. நீ சாப்பிடுற எடத்துலயே நாங்களும் சாப்பிடுறோம்."

ஃபேமிலி ரூமில் பையை மேஜை மேல் வைத்தார். மார்பிளில் இரும்பு படும் சத்தம்...

செல்வராசு இலை போட்டார், தண்ணீர் வைத்தார். பையைப் பார்த்தார். வெளியே முதலாளி ரேடியோவை நிறுத்திவிட்டார்.

"இந்தப் புள்ள ஒனக்கு என்ன முறை வேணும்ப்பா?" என்றார் சித்தப்பா, மெதுவாக.

செல்வராசுவின் கையில் சாம்பார் வாளி. என் இலைப் பக்கம் குனிந்தார்.

"அண்ணே," என்றேன். "எனக்கு சாம்பார் வேணாம். ரசம் ஊத்துங்கண்ணே."

என் குரல் ஹால் வரைக்கும் கேட்டது. என் அண்ணன் என்னையே பார்த்தான்.

"சரி தங்கச்சி," என்றார் செல்வராசு.

சித்தப்பா முழுச் சாப்பாடும் சாப்பிட்டார். எழும்போது பையை எடுத்துக்கொண்டு சொன்னார். "அண்ணன்னா இவ கல்யாணத்துக்குச் சீரு கொண்டு வரணும்ல? சொல்லி விடுறோம். வந்துரு."

என் வேலை அந்த மாதத்தோடு நின்றது. அவசர அவசரமாகக் கல்யாணம்.

செல்வராசுவுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்ப எனக்கு ஆளில்லை. வந்தார். தாம்பாளத்தில் சேலை, தேங்காய், வெற்றிலை பாக்கு. தனியாக.

"சாப்பிட்டுட்டுத்தான் போகணும் மாப்ள," என்றார் சித்தப்பா. அண்ணன் முறையில் சீர் கொண்டு வந்தவரை மாப்ள என்றார்... பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். செல்வராசு சிரிக்கவில்லை.

பந்தியில் ஒரு பக்கம் சித்தப்பா, ஒரு பக்கம் அண்ணன். எதிர் வரிசையில் எங்கள் ஆட்கள், சாப்பிடாமல். அவர் தலை நிமிரவே இல்லை. பாயசம் வரை சாப்பிட்டார்.

கை கழுவப் போனார். பின்னாலேயே அண்ணனும் எழுந்து போனான். மேளம் சத்தமாக இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து யாரோ சித்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. "அந்த ஓட்டல்காரன் பஸ் ஏறிட்டான்."

அதற்குப் பிறகுதான் மணவறையில் எனக்கு மூச்சு வந்தது. அதோடு நான் அவரைப் பார்க்கவில்லை.

நிம்மதியாகப் போங்க செல்வராசு. அந்தச் சேலையை நான் கட்டினேன்.